தடிமன் பீடித்த பிள்ளையை வீட்டில் பராமரித்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும் ஆகிய பாடங்களைக் கற்கும் மாணவர்களுக்கானது



நோயாளரை வீட்டில் பராமரித்தல் என்னும் பகுதியைப் படிக்கும்போது உங்களிற் பலர் தடிமன் என்ற தலைப்பைக் கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்கள். தெரிந்த நோய்தானே, பரீட்சையில் எப்படியும் எழுதிவிடலாம் என்ற எண்ணம். ஆனால் மாதிரி வினாத்தாள்களைத் திருத்தும்போது நான் அதிகம் சிவப்புக் கோடு கீறுவது இந்த விடையில்தான். "மருந்து கொடுத்தல், ஓய்வு கொடுத்தல், சத்தான உணவு கொடுத்தல்" என்று மூன்று வரிகள். எந்த நோய்க்கும் பொருந்தக்கூடிய மூன்று வரிகள். சிலர் "நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தல்" என நான்காவது வரியையும் சேர்த்து, சரியாக எழுதியதையும் கெடுத்துக் கொள்கிறார்கள்.

பரீட்சை ஒருபுறம் இருக்கட்டும். எமது வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பவர்கள் என்று ஒருநாள் கேட்டேன். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. அம்மா வேலையால் வந்து சேரும்வரை பிள்ளையை மடியில் வைத்திருப்பது நீங்கள்தான். ஆகவே இதைப் புள்ளிக்காக மட்டும் படிக்க வேண்டாம்.

தடிமன் என்பது யாது?

மூக்கு, தொண்டை ஆகிய மேற்சுவாசப் பகுதிகளில் வைரசுகளால் ஏற்படும் தொற்றே தடிமன். இதனை ஏற்படுத்தும் வைரசுகள் பல. அவற்றுள் முதன்மையானது றைனோ வைரசு. இதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராக உடல் பாதுகாப்பைப் பெற்றாலும் அடுத்த மாதம் வேறொரு வகை வந்துவிடும். சிறு பிள்ளைக்கு வருடத்தில் ஆறு தொடக்கம் எட்டுத் தடவை தடிமன் வருவது வழமைக்கு மாறானதன்று. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் வருடத்தில் இன்னும் கூடுதலாகவும் வரலாம். "இந்தப் பிள்ளைக்கு எந்நேரமும் தடிமன், உடம்பில் ஏதோ குறை" என்று வீட்டார் கவலைப்படும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள்.

தொற்றி ஒன்று தொடக்கம் மூன்று நாட்களில் அறிகுறிகள் தோன்றும். முதலில் தொண்டை கரகரப்பு, தும்மல், மூக்கால் நீர் வடிதல். பின்னர் மூக்கடைப்பு, இருமல், இலேசான காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு. இரண்டாம் மூன்றாம் நாட்களில் கடுமையாக இருந்து, ஏழு தொடக்கம் பத்து நாட்களில் மாறிவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று கிழமை இழுபடலாம். மூக்குச்சளி முதலில் தண்ணீராகவும் பின்னர் தடித்து மஞ்சள் அல்லது பச்சை நிறமாகவும் மாறும். இந்த நிறமாற்றம் நோயின் இயல்பான போக்கு. நிறத்தை மட்டும் பார்த்து நுண்ணுயிர்க்கொல்லி தேவை என முடிவு செய்தல் தவறு.

மழையில் நனைந்ததால், பனிக்குள் நின்றதால் தடிமன் வந்தது என்று எழுத வேண்டாம். வைரசு இல்லாமல் தடிமன் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தடிமன் கூடுகிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மழைக்கு யன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஓர் அறைக்குள் நெருங்கி இருப்பதால் ஒருவரின் தும்மல் மற்றவருக்கு இலகுவில் சேர்கிறது. தும்மும்போதும் இருமும்போதும் தெறிக்கும் துணிக்கைகளாலும், சளி பட்ட கைகளாலும், பலர் தொடும் விளையாட்டுப் பொருட்களாலும் இது பரவுகிறது.

நுண்ணுயிர்க்கொல்லி ஏன் பயன்படாது?

நுண்ணுயிர்க்கொல்லிகள் பற்றீரியாக்களை அழிப்பவை. உதாரணமாகப் பெனிசிலின், பற்றீரியாவின் கலச்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. வைரசுக்குக் கலச்சுவரே இல்லை. இல்லாத ஒன்றை எப்படித் தடுப்பது? இந்த ஒரு வசனத்தை விடையில் எழுதினால் நீங்கள் மனப்பாடம் செய்யவில்லை, விளங்கிப் படித்திருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

எங்கள் வீடுகளில் நடப்பது வேறு. சென்ற முறை அண்ணாவுக்குக் கொடுத்த பாணி மருந்து குளிர்சாதனப் பெட்டியில் அரைப்போத்தல் இருக்கும். அதைத் தம்பிக்கும் இரண்டு கரண்டி கொடுப்பார்கள். தூளில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் அந்த மருந்து ஒன்றிரண்டு கிழமைக்குள் பழுதாகிவிடும். பழுதாகாவிட்டாலும் தடிமனுக்கு அதனால் பயனில்லை. வயிற்றோட்டமும் தோலில் தடிப்பும் வரலாம். தேவையற்ற வேளைகளில் பாவிக்கப் பாவிக்க பற்றீரியாக்கள் மருந்துக்கு எதிர்ப்புத்தன்மை பெற்றுவிடும்.

தடிமனைச் சுகப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அப்படியாயின் பராமரிப்பு எதற்கு? பிள்ளையின் உடல் தானாகவே வைரசை வெல்லும்வரை அதற்கு மூச்சும், நீரும், உணவும், உறக்கமும் தடையின்றிக் கிடைக்கச் செய்வதற்கு. அத்துடன், இது இன்னும் வெறும் தடிமன்தானா என்று கவனித்துக்கொண்டிருப்பதற்கு. இந்த இரண்டாவது பகுதியைத்தான் பெரும்பாலானோர் எழுதுவதில்லை.

மூக்கடைப்பை நீக்குதல்

பெரியவர்கள் மூக்கடைத்தால் வாயால் சுவாசிப்பார்கள். சில மாதக் குழந்தைக்கு அது கடினம். பால் குடிக்கும்போது மூக்கால்தான் மூச்சு விடவேண்டும். மூக்கு அடைத்திருந்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு முலையை விட்டு அழும். "பால் பிடிக்கவில்லை" என்று வீட்டார் நினைப்பார்கள். பிடிக்காததல்ல, மூச்சு விட முடியாததுதான் காரணம்.

இதற்கு உப்புநீர்த் துளிகள் உதவும். கொதித்து ஆறிய நீர் ஒரு கோப்பை (240 மில்லிலீற்றர்) எடுத்து, மட்டமாக நிரப்பிய அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைக்க வேண்டும். ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு மூன்று துளிகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் ஒரு துளி. சற்றுநேரத்தில் சளி இளகியதும் மென்மையான சுத்தமான துணியால் துடைக்கலாம். பால் கொடுப்பதற்கும் நித்திரைக்கும் முன்பு செய்வது நல்லது. கரைசலை நாள்தோறும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். மருந்துக்கடையில் தயாராகவும் வாங்கலாம்.

வேது பிடித்தல் பற்றி எழுதுவோர் கவனிக்கவும். கொதிநீர்ச் சட்டியின் மேல் போர்வையால் மூடிச் சிறு பிள்ளையைப் பிடிப்பது ஆபத்தானது. திமிறும் பிள்ளையின் கால் பட்டால் சட்டி கவிழும். தடிமன் பத்து நாளில் மாறும், எரிகாயத் தழும்பு மாறாது. அதேபோல் கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூக்கிலோ நெஞ்சிலோ பூசக்கூடாது. உச்சந்தலையில் தைலம் வைத்தல், மூக்கில் எண்ணெய் விடுதல் என்பனவும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும்.

நீராகாரமும் உணவும்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதைத் தொடர்ந்து, வழமையிலும் அதிக தடவைகள் கொடுக்க வேண்டும். தாய்க்குத் தடிமன் என்றாலும் நிறுத்த வேண்டியதில்லை. கைகளை சவர்க்காரமிட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்து கொடுக்கலாம். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், மல்லித் தண்ணீரும் வேண்டாம்.

அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு இளஞ்சூடான கஞ்சி, காரம் குறைந்த இரசம், சூப், இடியப்பத்தைப் பால்சொதியில் குழைத்தது, நன்றாக அவித்த சோறும் பருப்பும் ஆகியன ஏற்றவை. ஒரே தடவையில் நிறையக் கொடுக்காமல் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுக்க வேண்டும். நோயின்போது ஓரிரு நாள் சாப்பாடு குறைவதையிட்டுப் பயப்பட வேண்டாம். நீராகாரம் குறையக்கூடாது. பிள்ளை வழமைபோல் சிறுநீர் கழிக்கிறதா என்று பார்ப்பதே இதற்கு எளிய அளவுகோல். ஆறு தொடக்கம் எட்டு மணித்தியாலம் சிறுநீர் போகவில்லையாயின் நீர் போதவில்லை என்பது பொருள்.

இங்கே அம்மம்மாமாருடன் ஒரு சச்சரவு வரும். வாழைப்பழம், தோடம்பழம், இளநீர், தயிர் எல்லாம் குளிர்ச்சி, தடிமனைக் கூட்டும் என்பார்கள். இவற்றால் தடிமன் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிள்ளை விரும்பிக் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் அம்மம்மாவை எதிர்த்துச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். அவர் சொல்லும் கொத்தமல்லி, இஞ்சி அவித்த தண்ணீர் வளர்ந்த பிள்ளைக்கு நல்ல நீராகாரந்தான். அது வைரசைக் கொல்லாது, தொண்டைக்கு இதமளிக்கும். இரண்டையும் வேறுபடுத்தி எழுதத் தெரிந்தால் போதும்.

இருமலுக்குத் தேன் கொடுக்கலாமா? ஒரு வயது பூர்த்தியான பிள்ளைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தொடக்கம் ஒரு தேக்கரண்டி வரை கொடுக்கலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

இருமல், தடிமன் பாணி மருந்துகளைச் சிறு பிள்ளைகளுக்கு வைத்தியரின் ஆலோசனையின்றி வாங்கிக் கொடுக்கக்கூடாது. அவற்றால் பெரிய பயன் இல்லை, பக்கவிளைவுகள் உண்டு. 2022 இல் கம்பியா நாட்டில் நச்சு இரசாயனம் கலந்திருந்த பாணி மருந்துகளால் அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்தமை தொடர்பாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. இருமலுக்கென்று கொடுத்த மருந்தும் அதில் இருந்தது.

காய்ச்சலும் மருந்தளவும்

உடல் வெப்பநிலை 38 பாகை செல்சியசு (100.4 பாகை பரனைற்) அல்லது அதற்கு மேல் இருப்பின் காய்ச்சல் எனலாம். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது கணக்கில் வராது, வெப்பமானியால் அளக்க வேண்டும். காய்ச்சல் உள்ள பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை, மேசு, தொப்பி என்று போட்டு மூடுவது எம்மவர் வழக்கம். உள்ளே உள்ள வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும். மெல்லிய பருத்தி உடையே ஏற்றது. உடம்பு துடைப்பதாயின் இளஞ்சூடான நீரால் துடைக்க வேண்டும், குளிர்நீரால் அல்ல.

காய்ச்சலால் பிள்ளை சோர்ந்திருந்தால் பரசிற்றமோல் கொடுக்கலாம். அளவு வயதுக்கல்ல, நிறைக்கு ஏற்ப அமையும். ஒரு கிலோகிராம் நிறைக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேற்படாமல். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு வைத்தியரைக் கேளாமல் கொடுக்கலாகாது. பிள்ளையின் அண்மைய நிறை, பிறந்தபோது வழங்கப்பட்ட சுகாதார விருத்திப் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். பிள்ளையின் நிறை 10 கிலோகிராம். தேவையான அளவு 10 × 15 = 150 மில்லிகிராம். போத்தலில் "5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம்" என்று இருந்தால் ஒரு மில்லிலீற்றரில் 24 மில்லிகிராம் உண்டு. 150 ÷ 24 = 6.25 மில்லிலீற்றர். இப்பொழுது அதே 6.25 மில்லிலீற்றரை "5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம்" என்ற போத்தலிலிருந்து ஊற்றினால் என்ன நடக்கும்? 312.5 மில்லிகிராம், இரு மடங்குக்கும் மேல். இரண்டு போத்தல்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். லேபிளை வாசிக்காமல் "போனமுறை குடுத்த அளவு" என்று ஊற்றக்கூடாது. மருந்துடன் வரும் அளவுக் கரண்டியைப் பயன்படுத்த வேண்டும். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைக் கொடுக்கக்கூடாது. எமது நாட்டில் இதற்குச் சிறப்பான காரணம் டெங்கு. டெங்கின் முதல் நாட்காய்ச்சல் தடிமன் காய்ச்சல் போலவே தோன்றலாம். டெங்கு இருக்கும்போது இம்மருந்துகள் இரத்தப்பெருக்கை ஏற்படுத்தக்கூடும். 2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் வரை டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். காய்ச்சல் இரண்டு நாட்களைக் கடந்தால், மூக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும், வைத்தியரிடம் காட்டி அவர் சொல்லும் இரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும்.

மூச்சை எண்ணுதல்

இப்பகுதியை ஆறுதலாக வாசியுங்கள்.

தடிமன் மேற்சுவாசப் பகுதியில் நிற்கும்வரை அச்சமில்லை. தொற்று நுரையீரலுக்குள் இறங்கினால் நியூமோனியா. அப்போது ஒட்சிசன் போதாமல் பிள்ளை விரைவாக மூச்சுவிடத் தொடங்கும். கருவி எதுவும் இல்லாமல், வினாடி முள் உள்ள ஒரு மணிக்கூட்டைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது, அல்லது நித்திரையில், சட்டையை உயர்த்தி நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். ஒருமுறை உயர்ந்து தாழ்வது ஒரு மூச்சு. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, ஏனெனில் சிறு பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை.

இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையில் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் தொடக்கம் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது தொடக்கம் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான சுவாசம். 60, 50, 40 என்று நினைவில் வைத்திருங்கள்.

இந்த மூன்று இலக்கங்களையும் நான் பல வருடமாகக் கரும்பலகையில் எழுதி வந்தவன். எனது அக்காவின் மகனுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது தடிமன் பிடித்தது. நான்காம் நாள் இரவு அவன் விளையாடாமல் தோளில் கிடந்தான். "தடிமன்தானே, விடிய மாறிவிடும்" என்று அக்காவுக்குச் சொன்னவன் நான்தான். எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பட்டம் பெற்றது கலைப்பிரிவில், வைத்தியன் அல்லன் என்று பின்னர் சாட்டுச் சொல்லிக்கொண்டேன். ஆனால் எண்ணுவதற்கு வைத்தியப் படிப்பா வேண்டும்? விடியற்காலை அக்கா அவனது சட்டையைக் கழற்றியபோதுதான் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவதைக் கண்டோம். அப்போது எண்ணினேன், 58. ஐந்து நாள் வாட்டில் வைத்திருந்து, ஒட்சிசன் கொடுத்துச் சுகமாக்கினார்கள். இப்போது ஓடித்திரிகிறான். அந்த இரவில் முதலே எண்ணியிருந்தால் எத்தனை மணித்தியாலம் முந்தியிருப்போம் என்பதை நான் இன்னும் கணக்குப் பார்ப்பதுண்டு.

நெஞ்சு உட்குழிதல் என்பதை விளக்கமாக எழுதப் பழகுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது சாதாரணமாக நெஞ்சும் வயிறும் வெளித்தள்ளும். நியூமோனியா கடுமையானால் விலா எலும்புகளுக்குக் கீழான பகுதி உள்ளிழுபடும். "மூச்சு வாங்குதல்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது.

உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய மற்றைய நிலைகள்: பிள்ளை பால் அல்லது நீர் குடிக்க முடியாதிருத்தல், உட்கொண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கநிலை அல்லது அசாதாரண சோர்வு, அமைதியாக இருக்கும்போதும் மூச்சில் கரகரவென்ற ஒலி, உதடு அல்லது நாக்கு நீலம் பாரித்தல், மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல். வாகன வசதி இல்லையாயின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். காது வலி, பத்து நாட்களுக்குப் பிறகும் குறையாத தடிமன், மாறி மீண்டும் வரும் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் வைத்தியரைக் காண வேண்டும், ஆனால் நள்ளிரவில் ஓடத் தேவையில்லை.

மற்றவர்களுக்குப் பரவாமல் தடுத்தல்

இதை நீங்கள் நன்றாகவே எழுதுகிறீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன். சவர்க்காரமிட்டு 20 வினாடிகள் கை கழுவுதல், முழங்கையின் உட்புறத்தில் தும்மப் பழக்குதல், துவாய், லேஞ்சி, கோப்பை என்பவற்றைப் புறம்பாக வைத்தல், வீட்டினுள் புகைபிடிக்காமை, அறைக்குள் காற்றோட்டம். காய்ச்சல் உள்ள நாட்களில் முன்பள்ளிக்கு அனுப்பாமை. வீட்டில் கைக்குழந்தை இருப்பின் தடிமன் உள்ள பெரியவர்கள் அதை முத்தமிடாதிருத்தல் என்பதையும் சேருங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பயிற்சி வினாக்கள்

1. தடிமனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாமைக்கான காரணத்தை விளக்குக. (2 புள்ளிகள்)

2. எட்டு மாதக் குழந்தை தடிமனின்போது பால் குடிக்க மறுக்கிறது. இதற்கான காரணத்தையும் வீட்டில் செய்யக்கூடிய பரிகாரத்தையும் தருக. (4 புள்ளிகள்)

3. 12 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு தடவைக்குரிய பரசிற்றமோல் பாணியின் கனவளவை, 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் கொண்ட போத்தலில் இருந்து கணிக்குக. (3 புள்ளிகள்) விடை: 7.5 மில்லிலீற்றர். வழியைக் காட்டாவிட்டால் ஒரு புள்ளியே கிடைக்கும்.

4. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. ஏன்? (2 புள்ளிகள்)

5. இரவு ஒன்பது மணி. அம்மா வேலையால் இன்னும் வரவில்லை. இரண்டு வயதுத் தங்கைக்கு நான்கு நாட்களாகத் தடிமன். அமைதியாக நித்திரை கொள்ளும்போது எண்ணியதில் நிமிடத்துக்கு 46 மூச்சு. மறுபடி எண்ணினாலும் 46. "காலமை பாப்பம், பிள்ளையைக் குழப்பாதை" என்கிறார் அம்மம்மா. நீங்கள் என்ன செய்வீர்கள்? அம்மம்மாவுக்கு எவ்வாறு விளக்குவீர்கள்? (6 புள்ளிகள்)

ஐந்தாம் வினாவுக்கான விடையை எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு முன், இன்றிரவு வீட்டில் சிறு பிள்ளை இருந்தால், சுகமாக நித்திரை கொள்ளும்போது ஒரு நிமிடம் எண்ணி அந்த இலக்கத்தைக் கொப்பியின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.